அமெரிக்காவில் ‘நாய் கூடாது’ என்ற வாடகை வீட்டில் உதவி நாய் வைத்திருக்கலாமா?

பெரும்பாலும் வைத்திருக்கலாம். உதாரணமாக, உங்கள் தங்கைக்கு வலிப்பு நோய் இருக்கிறது என்றால், அவருக்குத் துணையிருக்கும் நாய் சட்டத்தின் பார்வையில் செல்லப்பிராணியே இல்லை. 1968-ல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் 1988-ல் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தேவையான நியாயமான விதிவிலக்கை வீட்டுக்காரர் தந்தாக வேண்டும், ஒப்பந்தத்தில் ‘நாய் கூடாது’ என்று எழுதியிருந்தாலும் சரி.

நாய்க்கென்று தனி டெபாசிட்டோ மாதக் கட்டணமோ கேட்க முடியாது. இது தெரியாமல் கட்டிவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து கட்டாதீர்கள். வலிப்பு வெளியே தெரியாத குறைபாடு என்பதால், நாய் தேவை என்று மருத்துவரின் கடிதத்தை வீட்டுக்காரர் கேட்கலாம். அதற்காக முழு மருத்துவ வரலாற்றையும் கேட்கக் கூடாது. இணையத்தில் காசுக்கு விற்கும் ‘பதிவுச் சான்றிதழ்’ தேவையே இல்லை.

நாய் கதவைக் கடித்துக் கெடுத்தால் அந்தச் செலவு உங்களுடையது. அப்புறம், உரிமையாளரும் அதே கட்டடத்தில் குடியிருந்து, மொத்தம் 4 வீடுகளுக்கு மேல் இல்லையென்றால் இந்தச் சட்டம் பொருந்தாமல் போகலாம். மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

கோரிக்கையை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால், வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.