ஏற்காடு ஏறியதும் உப்பும் பாக்கெட்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேலத்தில் வாங்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை ஏற்காடு அண்ணா பூங்காவில் வெளியே எடுத்தபோது, வெடித்துவிடும் போல உப்பியிருந்தது. பண்டம் கெட்டுப்போனால் இப்படி ஆகுமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: கெட்டுப்போன உணவில் நுண்ணுயிர்கள் பெருகி வாயு உண்டாவதும், அதனால் பாக்கெட் உப்புவதும் உண்டுதான். ஆனால் அடிவாரத்தில் தொளதொளவென்றிருந்த பாக்கெட், மலைப்பாதையில் ஏறி முடிப்பதற்குள் உப்பியிருக்குமானால், கடைக்காரரைக் குறை சொல்ல இடமில்லை. உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் சிறிதும் கூடவில்லை. அதை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த காற்றுதான் தளர்ந்திருக்கிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. நமக்கு மேலே இருக்கும் காற்றின் எடையே காற்றழுத்தம் என்பதால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போவதற்குள் அது சுமார் 980 மில்லிபாரிலிருந்து சுமார் 845 மில்லிபாராக இறங்கிவிடுகிறது. வெப்பநிலை மாறாத வரை, ஒரு குறிப்பிட்ட அளவு வாயுவின் அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்பது 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. அதன்படி உள்ளிருக்கும் வாயு ஏறத்தாழ 16 சதவீதம் விரியப் பார்க்கும். மேலே குளிர் என்பதால் அதில் இரண்டு மூன்று சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். உறையின் சுருக்கங்கள் நிமிரும் வரை விரிவதற்கு இடம் கிடைக்கிறது. அதன் பிறகு விரிய வழியில்லாததால், எஞ்சிய அழுத்தம் முழுவதும் உறையின் மீதே விழுந்து அதை விறைக்கச் செய்கிறது.

இதையே தலைகீழாகவும் சோதிக்கலாம். ஏற்காட்டில் தண்ணீரைக் குடித்து முடித்ததும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை இறுக மூடிக் கீழே கொண்டுவாருங்கள். உள்ளிருக்கும் காற்று 860 மில்லியளவுக்குச் சுருங்கப் பார்ப்பதால், பாட்டிலின் இடுப்பு ஒடுங்கியிருக்கும். கீழே வெயில் கடுமையாக இருந்தால் காற்று சூடாகி விரிவதால், ஒடுக்கம் அவ்வளவாகத் தெரியாமலும் போகலாம்.

கேள்வி: அப்படியானால் மலையேறும் முன் கார் டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா?
– வாசகர், ஓமலூர்.

பதில்: வேண்டாம். டயர், சிப்ஸ் உறையைப் போல விரிந்துகொடுப்பதில்லை. அதன் கனஅளவு அநேகமாக மாறாது. ஆனால் காற்றுமானி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். ஆகவே சேலத்தில் 30 பாயிண்ட் பிடித்த டயர், அதே வெப்பநிலையில் ஏற்காட்டில் சுமார் 32 காட்டும். மலைக்குளிர் அந்த இரண்டிலும் ஒரு பகுதியைக் குறைத்துவிடும். இந்த வேறுபாடு டயருக்கு ஒரு பொருட்டே அல்ல. இதற்குப் பயந்து மேலே காற்றை இறக்கிவிட்டால், சேலம் திரும்பும்போது டயரில் காற்று போதாமல் இருக்கும்.