"வீதி எங்கள் பதிவேட்டில் இல்லை" என்கிறது பிரதேச சபை. நாங்கள் என்ன செய்வது?

கேள்வி: மட்டக்களப்பு படுவான்கரையில் ஒரு சிறு கிராமத்தின் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் நான். ஊருக்குள் வரும் ஒழுங்கைக்கு இருபது வருடத்துக்கு முன் இரு பக்கத்துக் காணிக்காரரும் வாய்ச்சொல்லில் நிலம் விட்டுத் தந்தார்கள். சிரமதானம் செய்து நாங்களே கிறவல் போட்டோம். மாரியில் முழங்காலளவு தண்ணீர். மதகு கேட்டால் பிரதேச சபை, "இந்த வீதி எங்கள் பதிவேட்டில் இல்லை" என்கிறது. பிரதேச செயலகம் "அது சபையின் வேலை" என்கிறது. இப்போது ஒருவர் வேலியைத் தள்ளிப் போடப் பார்க்கிறார். எங்களுக்கு வழி உண்டா ஐயா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் கேட்பதன் வரிசையை மாற்ற வேண்டும். மதகைப் பிறகு கேளுங்கள். முதலில் வீதியைப் பொறுப்பேற்கச் சொல்லிக் கேளுங்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றைச் சபையிடம் ஒப்படைத்திருக்கிறது. அதே நேரம், தனியார் நிலமாகவே இருக்கும் பாதையில் சபை காசைக் கொட்டினால் கணக்காய்வில் கேள்வி வரும். சபை உத்தியோகத்தர்கள் பயப்படுவது அதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் "பதிவேட்டில் இல்லை" என்பதோடு பேச்சை முடிப்பது சரியில்லை. பதிவேட்டில் சேர்க்க அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நிலத்தை அளந்து, வரைபடம் தயாரித்து, வர்த்தமானியில் அறிவித்தல் விட்டு, ஆட்சேபம் இருந்தால் கேட்டு வீதியைப் பொறுப்பேற்கலாம்.

இனி உங்கள் ஊர்க் காணிகள். இதைத்தான் நான் மிகக் கவனமாகப் பார்க்கச் சொல்வேன். படுவான்கரையில் பல காணிகள் உறுதிக் காணிகள் அல்ல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள். உறுதி இருப்பவர் தன் நிலத்தில் இத்தனை அடி வீதிக்கு விடுகிறேன் என்று எழுதி ஒப்பமிடலாம். நொத்தாரிசு முன்னிலையில் என்றால் இன்னும் நல்லது. காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பெர்மிட் வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்கு ஒரு துண்டை விட்டுக் கொடுக்க முடியாது. நிலம் அரசுக்குரியது, ஆகவே பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். அதனால் பிரதேச செயலகத்துக்கும் இதில் வேலை இருக்கிறது, "சபையின் வேலை" என்று அவர்கள் முழுதாக ஒதுங்க முடியாது. இரு பக்கத்துக் காணிகளும் எந்த வகை என்று கிராம உத்தியோகத்தரோடு இருந்து ஒரு பட்டியல் போடுங்கள்.

பட்டியலும் சம்மதக் கடிதங்களும் கையில் வந்ததும், சங்கத்தின் தீர்மானத்தோடு சபைச் செயலாளருக்கும் தவிசாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் வட்டார உறுப்பினரிடம் இதை மாதாந்த அமர்வில் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அதன்பின் 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை கிராமத்து ஆட்கள் போய்ப் பேச ஒரு உறுப்பினர்கூட இருக்கவில்லை. தேர்தலைப் பிற்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. இப்போது உறுப்பினர் இருக்கிறார். விடாதீர்கள், அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கேளுங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: வீதிப் பதிவேட்டின் பிரதி, உங்கள் கடிதத்துக்கு எடுத்த நடவடிக்கை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அங்கத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இலங்கைப் பிரஜைகள் என்றால் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம்.

வேலி விடயத்துக்குக் காத்திருக்க வேண்டாம். முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள், நாளைக்கும் ஒரே ஊரில் இருக்கப் போகிறவர்கள். சரிவராமல் சண்டை மூளும் நிலை வந்தால் பொலிசில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், பாதையை மறிக்க வேண்டாம் என்று உத்தரவு பெறலாம். அது இறுதித் தீர்ப்பு அல்ல, மாவட்ட நீதிமன்றம் உரிமையைத் தீர்மானிக்கும்வரை நிற்கும். உறுதிக் காணியானால் பத்து வருடத்துக்கு மேல் இடையறாமல் பாவித்ததைக் காட்டி வழியுரிமை கோர இடமுண்டு. மற்றப் பக்கம் "நான் அனுமதித்துத்தான் போனார்கள்" என்று சொல்லும். அதற்காகத்தான், நிலம் விட்ட நாளை நேரில் கண்ட வயதானவர்களிடம் சத்தியக் கடதாசி இப்போதே வாங்கி வைக்கச் சொல்கிறேன். அரச காணியில் இந்தப் பத்து வருட வாதம் எடுபடாது.

எல்லாம் செய்தும் சபை அசையாவிட்டால், மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை, அதாவது கடமையைச் செய் என்று சபைக்கு இடும் கட்டளை, கேட்கலாம். அரசியலமைப்பின் 154P உறுப்புரை அந்த அதிகாரத்தைத் தருகிறது. மதகு கட்டு என்று நீதிமன்றம் சொல்வது அரிது, உங்கள் விண்ணப்பத்தைச் சட்டப்படி பரிசீலித்து முடிவு சொல் என்று உத்தரவிடக் கேட்கலாம்.

அப்புறம், சங்கத்தின் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, கணக்கு முடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீதி சபையினுடையது ஆனபின், இப்படிச் சின்ன வேலைகளை ஒப்பந்தமாகக் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கே கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. உங்கள் மதகை உங்கள் ஊர் மேசன்மாரே கட்டலாம். மாரி தொடங்கினால் காணி அளக்க முடியாது, பட்டியலை இந்த வாரமே தொடங்குங்கள்.