இருவாட்சிப் பறவைக்கு உண்மையிலேயே இரண்டு வாய் உண்டா? அது எப்படி இருக்கும், என்ன தின்னும்?

வாய் ஒன்றுதான். அலகுக்கு மேலே மஞ்சள் தொப்பி மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். தூரத்தில் பார்த்தால் இரண்டு அலகை அடுக்கி வைத்தது போலத் தெரியும். இவ்வளவு பெரிய தலையைச் சுமந்தால் கழுத்து வலிக்காதா என்று கேட்காதீர்கள், புடைப்புக்குள் பெரும்பாலும் வெற்றிடம்தான்.

நான் சொல்வது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பெரிய இருவாட்சியை. ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஆனைமலைக் காட்டில் முதல்முறை நான் அதைப் பார்க்கவில்லை, கேட்டேன். தலைக்கு மேல் நீராவி ரயில் போவது போல 'புஸ் புஸ்' என்று ஒரு சத்தம். இறக்கையின் அடிப்பக்கத்தில் பெரிய இறகுகளின் இடுக்கை மூடும் சிறு இறகுகள் இதற்குக் கிடையாது, காற்று அந்த இடைவெளியில் புகுந்துபோகிற சத்தம் அது.

அந்த மஞ்சள் நிறமும் பாதி ஒப்பனைதான். வாலடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியில் தலையைத் தேய்த்து அலகு, கழுத்து, இறக்கையின் வெள்ளைப் பட்டை எல்லாவற்றிலும் பூசிக்கொள்ளும். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய வெள்ளை.

சாப்பாடு என்றால் முதலில் ஆல், அத்தி வகைப் பழங்கள். நாக்கு குட்டை என்பதால் அலகு நுனியில் பறித்த பழத்தை மேலே தூக்கிப் போட்டுத் தொண்டையில் வாங்கும். சலிக்காமல் பார்க்கலாம். பல்லி, பூச்சி, குஞ்சு கிடைத்தாலும் விடாது. இருவாட்சிக்கு மலையாளத்தில் வேழாம்பல் என்று பெயர், மழைக்காக வாய் பிளந்து ஏங்கும் பறவை என்று அங்கே சொல்வார்கள். பாவம், அதற்குத் தேவையான தண்ணீர் பெரும்பாலும் பழத்திலேயே கிடைத்துவிடுகிறது!

அப்புறம் கூடு. பெண் மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளேயே பறக்கும் இறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண் பழங்களைத் தொண்டையில் அடக்கி வந்து, கீறல் வழியாக ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்டும். குஞ்சு வளர்ந்ததும் தாய் வாசலை உடைத்து வெளியே வரும். குஞ்சு உள்ளிருந்தபடியே மறுபடி அடைத்துக்கொள்ளும்.

கூட்டு மரத்தைக் கண்டுபிடிக்க அண்ணாந்து பார்ப்பதைவிட மரத்தடியைப் பார்ப்பது நல்லது. கீறல் வழியாக வெளியே விழுந்த கொட்டைகள் அங்கே குவிந்து முளைவிட்டிருக்கும். பார்த்துவிட்டால் தள்ளி நில்லுங்கள். ஆள் நின்றால் ஆண் பழத்தோடு பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்துவிடும், கிட்டே வராது.