வாசகர் கேள்வி–பதில்: விடியலுக்கு முன், வயலில்

மேற்குக் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் ஒரு வேட்டை முகாமில் ஒன்பது இலையுதிர் காலம் வேலை பார்த்தேன். முதல் இரண்டும் சமையற்கட்டில். அப்புறம் வழிகாட்டிக்குக் கையாள். போன இதழில் அதைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் கனடாவுக்கு வாத்து வேட்டைக்குப் போவதாக இருக்கிறோம். முகாம்காரர் கேட்கிற தொகை தலையைச் சுற்ற வைக்கிறது. வயல் விவசாயியுடையது, வாத்து வானத்தில் போவது, துப்பாக்கி எங்களுடையது. அவருக்கு எதற்குக் காசு?

முதல் நாள் சாயங்காலம் அவர் எரிக்கிற டீசலுக்கு. சிரிக்காதீர்கள், மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. காட்டு வாத்து ராத்திரி ஏரியில் தங்கும். விடிந்ததும் அறுவடை முடிந்த பார்லி, கோதுமை, பட்டாணி வயலில் சிந்திக் கிடக்கிற மணியைத் தின்ன வரும். நடுப்பகலுக்குத் தண்ணீருக்குத் திரும்பி, சாயங்காலம் மறுபடி வயலுக்குப் போகும். நேற்று மாலை நிம்மதியாகத் தின்ற இடத்துக்கே பெரும்பாலும் இன்று காலையும் வரும். அது எந்த வயல், அந்த வயலில் எந்த மூலை என்று கண்டுபிடிப்பதுதான் வழிகாட்டியின் வேலை. எங்கள் ஆள் ஒரே மாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவார். கண்டுபிடித்த பிறகு விவசாயி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அந்த மாகாணத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் தனியார் நிலத்தில் வேட்டைக்கு இறங்கினால் சட்டப்படி குற்றம்.

அதன் பிறகு விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து, இருட்டில் போலி வாத்துகளைப் பரப்ப வேண்டும், நிஜக் கூட்டத்தை ஏமாற்றிக் கீழே இறக்க. வாத்து காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அதனால் நமக்கு முதுகுப் பக்கம் காற்று. போலிகளை லாட வடிவில் வைத்து, நடுவில் இறங்க இடம் விட வேண்டும். போலிகள் மேல் படிகிற உறைபனியைத் துடைப்பது என் பொறுப்பு, ஒரு பழைய துண்டை வைத்துக்கொண்டு. ஒரு நாள் சோம்பலில் ஓரத்தில் இருந்த பன்னிரண்டை விட்டுவிட்டேன். வெயில் ஏறியதும் அவை பன்னிரண்டும் கண்ணாடி மாதிரி மின்ன, அறுபது கஜம் வரை வந்த கூட்டம் மொத்தமாக இறக்கையைத் திருப்பிக்கொண்டு மேலே போயிற்று. வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் கையில் இரண்டு துண்டு கொடுத்தார்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "வாத்து ராத்திரி தங்குகிற ஏரியில் சுடுவீர்களா?" "ஓ, தாராளமாக" என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள். தூங்குகிற இடத்தில் சுட்டால் இரண்டொரு நாளில் கூட்டம் வட்டாரத்தையே காலி செய்துவிடும். அப்படி ஒரு முகாமில் (பெயர் வேண்டாம்) நானும் ஒரு வாரம் வேலை செய்தேன். திங்கட்கிழமை அமர்க்களம். புதனிலிருந்து வந்தவர்கள் வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு, என் சூப்பைக் குறை சொன்னார்கள்.

கேள்வி: என் சொந்த ஷாட்கன்னைக் கனடாவுக்குக் கொண்டுபோக முடியுமா? தாத்தா வைத்திருந்தது.

வேட்டைக்கான சாதாரண ஷாட்கன் என்றால் முடியும். வெளிநாட்டவருக்கான துப்பாக்கி அறிவிப்புப் படிவம் ஒன்று இருக்கிறது. அதை நிரப்பி, கையெழுத்துப் போடாமல் கொண்டுபோங்கள். சுங்க அதிகாரி கண் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் 25 கனடா டாலர், 60 நாள் செல்லும். வேட்டை உரிமம் தனி. வலசைப் பறவைகளுக்கான மத்திய அரசின் அனுமதிச் சீட்டும், அதோடு சேர்ந்த வாழிடப் பாதுகாப்பு முத்திரையும் (அஞ்சல்தலை மாதிரி ஒன்று) வேண்டும்.

ஆனால் தாத்தாவின் துப்பாக்கியை வீட்டிலேயே விடுங்கள். அங்கே வாத்துக்கு ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கிற சின்னக் குண்டுமணிகள்) கூடாது. தரையிலும் குளத்து அடியிலும் கிடக்கிற ஈயத்தை வாத்து கல் என்று விழுங்கி, விஷமேறிச் சாகும். அமெரிக்கா 1991-லேயே நாடு முழுக்க வாத்து வேட்டையில் ஈயத்தை ஒழித்துவிட்டது. பெரும்பாலோர் போடுவது எஃகு ரவை. அது ஈயத்தைவிடக் கடினம், பழைய மெல்லிய குழாய்க்கு ஆகாது. எடையும் குறைவு, அதனால் ஈயத்தில் போட்டதைவிட இரண்டு அளவு பெரிய ரவையாகப் போட வேண்டும். எவ்வளவு சொன்னாலும் கேட்காமல் எட்டாத உயரத்தில் சுடுகிறவர்கள் உண்டு. காயம்பட்ட வாத்து எங்கேயோ போய் விழும். அதை நாய் தேடி நாக்குத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு அந்த ஆள் மேல்தான் கோபம் வரும். முகாமிலேயே வாடகைத் துப்பாக்கி கிடைக்கும், விமான நிலையத் தலைவலியும் மிச்சம்.

கேள்வி: அர்ஜென்டினாவில் ஒரே நாளில் ஆயிரம் தோட்டா சுட்டேன் என்கிறான் நண்பன். புளுகா?

புளுகு இல்லை. கோர்டோபா மாகாணத்துப் புறா வேட்டை அப்படித்தான். சோளமும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. அந்தப் புறா வருஷத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். விவசாயிகளுக்கு அது தொல்லை. ஆகவே எண்ணிக்கை வரம்பு கிடையாது, பருவம் என்றும் கிடையாது. ஒரு வாடிக்கையாளரோடு ஒரு முறை நானும் போனேன். பக்கத்தில் ஒரு பையன் எண்ணும் கருவியோடு நின்றான். அவன் கட்டைவிரல் ஓயவேயில்லை. துப்பாக்கிக் குழாய் தொட முடியாமல் கொதித்தது. சாப்பாட்டு வேளைக்குத் தோள் நீலம் பாரித்துவிட்டது. மூன்றாவது மணி நேரத்தில் நான் பறவையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், உருவம் வந்தது, சுட்டேன். மறுபடி போக மாட்டேன். நீங்கள் போவதானால், விலைப்பட்டியலில் தங்கும் தொகையைப் பார்க்காதீர்கள், தோட்டாப் பெட்டியின் விலையைப் பாருங்கள். பெட்டிக்கு 25 தோட்டா, பெரும்பாலும் தனிக் கணக்கு. ஆயிரத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் கிரவுஸ் (கௌதாரி மாதிரி ஒரு பறவை) வேட்டைக்கு ஒரு வருஷம் முன்னாடியே பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

ரத்து விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். பருவம் ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை. ஃபெசன்ட் கோழி மாதிரி கிரவுஸைப் பண்ணையில் வளர்த்து விட முடியாது, முழுக்கக் காட்டுப் பறவை. குஞ்சு பொரிக்கிற சமயத்தில் குளிரும் மழையும் பிடித்துக்கொண்டாலோ, குடற்புழு பரவினாலோ அந்த வருஷ வேட்டையே நின்றுபோகும். சுட்ட பறவையை எண்ணுவதெல்லாம் ஜோடிக் கணக்கில். ஹெதர் புதர் காட்டில் வரிசையாக மறைவிடம் கட்டி ஆளை நிறுத்துவார்கள். பறவையை எதிரிலிருந்து கலைத்துத் தலைக்கு மேல் ஓட்டிவிடுவார்கள். இடமும் வலமும் நிற்கிறவன் மனுஷன். அந்தப் பக்கம் குழாய் திரும்பினால் அன்றோடு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணம் கட்டியதுதான்.

கேள்வி: கணவர் வேட்டைக்குப் போகிறார். நான் சுட மாட்டேன். கூடப் போனால் போரடிக்குமா?

போங்கள் அம்மா. ஆயிரக்கணக்கான பனி வாத்து ஏரியிலிருந்து ஒரே நேரத்தில் எழும்புகிற இரைச்சலைக் கேட்கத் துப்பாக்கி தேவையில்லை. தடித்த கையுறை, பைனாகுலர், ஃபிளாஸ்க் போதும். கூட்டம் மேலே சுற்றும்போது மட்டும் நிமிர்ந்து பார்க்காதீர்கள். வெளிச்சம் பட்ட முகம் வாத்துக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரரும் நிமிர்ந்துதான் பார்ப்பார், அதற்கு நான் பொறுப்பில்லை.

கேள்வி: சுட்டதையெல்லாம் சாப்பிடுகிறார்களா, குப்பைக்குப் போகிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

இரண்டும் பார்த்திருக்கிறேன். கனடாவில் 2022-ல் விதி மாறி, சுட்ட பறவையின் கறியை வீணாக்குவதே குற்றமாகிவிட்டது. கையிருப்புக்கும் வரம்பு உண்டு.  விமானம் ஏறுகிற அன்று, "எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நைசாக நழுவப் பார்ப்பார்கள். எங்கள் முகாமில் அந்தப் பேச்சு எடுபடாது. சுட்டவர் கொட்டகையில் உட்கார்ந்து கூடவே இறகு பிடுங்க வேண்டும். அமெரிக்காவுக்கு எடுத்துப் போகிறவர்கள் இனம் தெரிவதற்காக ஒரு இறக்கையை இறகோடு விட்டுவைப்பார்கள்.

வெண்நெற்றி வாத்துதான் சமையலுக்கு ராஜா. நெஞ்சுக்கறியைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வெறும் சட்டியில் போட்டால் அதன் கொழுப்பிலேயே வெந்துவிடும். நடுவில் சிவப்பு இருக்கும்போதே இறக்கிவிடுங்கள், விட்டால் ஈரல் வாசம் அடிக்கும். மெதுவாகக் கடியுங்கள். எஃகு ரவை ஒன்று மாட்டி என் கடைவாய்ப் பல்லில் பாதி போய்விட்டது. சமைத்தவனும் நானே என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.