48 ஜிபி வீடியோ 8 நிமிடத்தில் ஏன் போகவில்லை?

கேள்வி: கும்பகோணத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். எடிட்டிங் நடப்பது சென்னையில். அப்லோட், டவுன்லோட் இரண்டுமே 100 எம்பிபிஎஸ் என்று சொல்லித்தான் ஃபைபர் இணைப்பு கொடுத்தார்கள். விண்டோஸில் 48 ஜிபி என்று காட்டிய ஃபைலை அனுப்பினேன். நொடிக்கு 100 எம்பி என்றால் 480 நொடி, அதாவது 8 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டும். 73 நிமிடம் ஆகிவிட்டது. என்னை ஏமாற்றுகிறார்களா? 200 பிளானுக்கு மாறினால் நேரம் பாதியாகுமா? ரூட்டர் பழையது, 100 மெகாபிட் போர்ட் உள்ளது.

பதில்: ஏமாற்றவில்லை. நீங்கள் சொல்லும் 73 நிமிடத்தில் 72 நிமிடத்துக்கு இங்கேயே கணக்குக் காட்டிவிடலாம்.

நெட்வொர்க்கின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், ஃபைலின் அளவை பைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலத்தில் சின்ன எழுத்து ‘பி’ பிட்டையும் பெரிய எழுத்து ‘பி’ பைட்டையும் குறிக்கும். தமிழில் எழுதும்போது அந்த வித்தியாசமும் போய்விடுகிறது; இரண்டுமே ‘எம்பி’ ஆகிவிடுகின்றன. அதனால்தான் மெகாபிட், மெகாபைட் என்று முழுசாக எழுதுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். 48 ஜிகாபைட்டை இந்த வேகத்தில் அனுப்ப 3,840 நொடி ஆகும். 8 நிமிடம் இப்போதே 64 நிமிடமாகிவிட்டது.

அடுத்தது பலர் கவனிக்காத இடம். விண்டோஸ் ‘48 ஜிபி’ என்று காட்டும்போது ஒரு ஜிபியை 1024 × 1024 × 1024 பைட்டாக எண்ணுகிறது. 1 டெராபைட் என்று அச்சிட்டு விற்கும் ஹார்ட் டிஸ்க் கணினியில் 931 ஜிபி என்று காட்டுவதும் இதே காரணத்தால்தான். இந்த 1024 கணக்குக்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்களை சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-லேயே கொடுத்துவிட்டது. விண்டோஸ் இன்னும் பழைய பெயரையே போடுகிறது. ஆப்பிள் 2009-லேயே மேக் கணினிகளில் ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டது. நெட்வொர்க்கிலோ கிலோ என்றால் எப்போதும் 1000, மெகா என்றால் 10 லட்சம். ஆக உங்கள் ஃபைலின் உண்மையான அளவு 51.54 ஜிகாபைட். நேரம் 68 நிமிடம் 43 நொடி.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொலைபேசி உலகில் ‘2 மெகாபிட் லைன்’ எனப்படும் இ-ஒன் இணைப்பின் வேகம் 2,048 கிலோபிட். ‘பார்த்தீர்களா, 1024-ன் இரண்டு மடங்கு’ என்று அனுபவமுள்ள டெக்னீஷியன்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. ஒரு குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட், அதாவது 64 கிலோபிட். அப்படி 32 தடங்களைச் சேர்த்தால் 2,048 கிலோபிட். இதிலும் கிலோ என்பது சுத்தமாக 1000-தான்.

மிச்சமிருக்கும் நிமிடங்களை எடுத்துக்கொண்டது பாக்கெட்டின் உறை. உங்கள் வீடியோ ‘பாக்கெட்’ எனப்படும் சின்னத் துண்டுகளாகத்தான் கேபிளில் போகிறது. ஒரு முழுத் துண்டுக்கு ஈதர்நெட் கேபிளில் (கணினியையும் ரூட்டரையும் இணைக்கும் கேபிள்) 1,538 பைட் இடம் செலவாகும். அதில் வீடியோ 1,460 பைட். மீதி 78 பைட், அனுப்புபவர், பெறுபவர் முகவரிகள், வரிசை எண், பிழை சோதிக்கும் எண், அடுத்த துண்டுக்கு முன் விடும் இடைவெளி எல்லாம் சேர்ந்தது. 100-ல் சுமார் 95 தான் உங்களுக்குக் கிடைக்கிறது. அதையும் சேர்த்தால் 72 நிமிடம் 23 நொடி. எஞ்சிய அரை நிமிடம், வழியில் தொலைந்த சில பாக்கெட்டுகளை மறுபடி அனுப்பியதில் போயிருக்கும்.

தினமும் இவ்வளவு கணக்குப் போட வேண்டியதில்லை. 100 மெகாபிட் இணைப்பில் விண்டோஸ் காட்டும் ஒரு ஜிபிக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் நேரம் சொல்வதானால் எட்டுக்குப் பதில் பத்தால் வகுத்துச் சொல்லுங்கள்: 100 மெகாபிட், நொடிக்கு 10 மெகாபைட், 48 ஜிபிக்கு 80 நிமிடம். மேலே பார்த்த இழப்புகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், பேச்சும் தவறாது.

200 பிளான் பற்றி: இப்போதைக்கு வேண்டாம். 100 மெகாபிட் போர்ட் வழியாக 200 போகாது. கூடுதல் பணம் வீண். முதலில் ஜிகாபிட் போர்ட் உள்ள ரூட்டர் வாங்குங்கள். கேபிளையும் பாருங்கள். 100 மெகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளில் இரண்டு போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் புது ரூட்டரும் சத்தமில்லாமல் 100-க்கே இறங்கிவிடும். விண்டோஸின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அது 1000 காட்டிய பிறகு, அப்லோடும் 200 தருவதாக உறுதி வாங்கிக்கொண்டு மாறுங்கள். எதிர்முனையில் தடங்கல் இல்லையென்றால் இதே ஃபைல் 36 நிமிடத்தில் சென்னை போய்ச் சேரும்.