கிண்ணத்தில் அழுகும் செடிகள்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பீங்கான் கிண்ணம் ஒன்றில், சதைப்பற்றான இலையில் நீரைச் சேர்த்துவைக்கும் சக்குலன்ட் செடிகள் ஐந்து எனக்குப் பரிசாக வந்தன. நடுவில் ரோஜாப்பூப் போல ஒரு எச்செவேரியா, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஹாவோர்த்தியா, ஒரு ஜேடு, பெயர் தெரியாதவை இரண்டு. மேலே வெள்ளைக் கூழாங்கற்கள் பரப்பியிருந்தார்கள். வரவேற்பறை மேசையில் வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டேன். மூன்றாவது மாதம் எச்செவேரியா நீண்டு வளைந்துவிட்டது. ஜேடு, தொட்டாலே இலை உதிர்கிறது. பெயர் தெரியாததில் ஒன்று அழுகியே போய்விட்டது. அடியில் கூழாங்கல் போட்டு நட்டால் அழுகாது என்கிறார்கள். மிச்சத்தை அப்படி மாற்றி நடலாமா? எனக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அதுவும் உண்மைதானா?

எம்.

அன்புள்ள எம்.,

கைராசியை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், செடியை மறந்துபோனவர் எழுதும் கடிதம் இது இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கரண்டியோடு போய் நின்றிருக்கிறீர்கள். அந்த அக்கறைதான் அழுகலில் முடிந்திருக்கிறது. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைப் பேச முடியாது.

கிண்ணத்தின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தூக்கிப் பாருங்கள். அலங்காரக் கிண்ணங்களில் பெரும்பாலும் இருக்காது, மேசை நனையக்கூடாது என்பதற்காக. அப்படியென்றால் நீங்கள் விட்ட ஒவ்வொரு கரண்டியும் அடியில் போய்த் தங்கியிருக்கிறது. பளபளப்புப் பூச்சு இருப்பதால் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறாது. மேலே கூழாங்கல் மூடியிருப்பதால் மண் சீக்கிரம் காயாது, காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லை. வேர் மூச்சுவிடுவது மண்துகள்களுக்கு நடுவில் இருக்கும் காற்றில்தான். அந்த இடத்தையெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டால் வேர் திணறிச் சாகிறது, செத்த வேரில் பூஞ்சை ஏறுகிறது, நமக்குத் தெரியவரும்போது இலை மஞ்சளாகி, நீர்கோத்து, ஒளி ஊடுருவுவது போல நிற்கும். என்னிடமும் இப்படி ஒரு கிண்ணம் இருந்தது. கூழாங்கற்களைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், அது பல மாதம் எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள் கத்தியால் நெம்பி எடுத்தபோது அடித்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் வரை மூன்று செடிகள் மேலுக்குப் பச்சையாகத்தான் நின்றன.

சரி, அடியில் கூழாங்கல் போடலாமா? போடாதீர்கள். எல்லாரும் சொல்வதுதான், நானும் வருடக்கணக்கில் போட்டிருக்கிறேன். ஒரு ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டி முடிந்ததும் நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி சொட்டும்! அதே ஸ்பாஞ்சு, அதே தண்ணீர். உயரம் கூடியதால் மட்டுமே வழிகிறது. மண்ணும் இப்படித்தான். எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு பட்டை ஈரமாகவே நிற்கும், அதன் உயரம் மண் எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதைப் பொறுத்ததே தவிர தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. ஆழமான தொட்டியில் வேர் அந்த ஈரத்துக்கு மேலே இருந்துகொள்ளும். நாலு விரல் ஆழக் கிண்ணத்தில் அது எங்கே போகும்? அடியில் கல் போட்டாலும் ஈரம் கல்லுக்குள் இறங்கிவிடாது, பொடிமண் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லுக்கு மேலேயே நிற்கும். ஈரத்தை வேருக்கு இன்னும் பக்கத்தில் தூக்கிக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

கல்லை மண்ணோடு கலக்க வேண்டும். தொட்டிமண் ஒரு பங்கு, பியூமிஸ் என்ற நுரைக்கல்லோ, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையோ, பொடி ஜல்லியோ ஒரு பங்கு, ஈரம் காயத் தாமதமாகும் வீடு என்றால் ஒன்றரைப் பங்கு. துகள்கள் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது, தூசியைச் சலித்துவிடுங்கள். பொடி மணல் வேண்டவே வேண்டாம், இடைவெளியையெல்லாம் அது அடைத்துவிடும். பீங்கானில் ஓட்டை போட முடியும்: பேட்டரியில் ஓடும் ட்ரில், வைர முனை, மெதுவான வேகம், துளைக்கும் இடம் நனைந்தபடியே இருக்க வேண்டும், அழுத்தக்கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணாடிக் கிண்ணத்தில் மட்டும் நான் கைவைக்க மாட்டேன்.

இனி தண்ணீர். கரண்டிக் கணக்கை மறந்துவிடுங்கள். ஓட்டை இருக்கும் கிண்ணத்தில், அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், அப்புறம் அடிமண் வரை காயும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்பீர்கள். அது கிண்ணம், வெளிச்சம், காற்று, பருவம் எல்லாவற்றையும் பொறுத்தது, நாள்கணக்கு சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். ஈரமண் ஒட்டி வந்தால் இன்னும் நேரமாகவில்லை. செடியும் சொல்லும்: தாகத்தில் இருக்கும்போது கீழ் இலைகள் சுருங்கித் தொய்ந்திருக்கும், தண்ணீர் மிஞ்சியபோது ஊறிப்போய்க் கொழகொழவென்று இருக்கும். இரண்டையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பழகிவிட்டால் பிறகு குழப்பமே வராது.

இவற்றுக்கு ஏன் இவ்வளவு குறைவான தண்ணீர் போதும் என்பது எனக்கு அலுக்காத விஷயம். மற்ற செடிகள் பகலில் திறக்கும் இலைத்துளைகளை இவை இரவில் திறக்கின்றன. இரவின் குளிர்ச்சியில் கரியமில வாயுவை உள்ளே எடுத்து மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்துவைத்துக்கொண்டு, பகலில் துளைகளை மூடியபடியே வெளிச்சத்தைக் கொண்டு அதிலிருந்து சர்க்கரை செய்கின்றன. வெயிலில் துளை திறக்காததால் ஆவியாகிப் போகும் நீர் மிகக் குறைவு. ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் புளிக்கிறது, நண்பகலில் புளிப்பே இல்லை என்று பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் எழுதினார். 1815இல் அச்சான அதுவும் ஒரு கடிதம்தான்.

உங்கள் கிண்ணத்தில் இன்னொரு சிக்கல், அதில் இருப்பவை சேர்ந்து வாழ முடியாத செடிகள். பூங்கொத்து கட்டுவதுபோல நிறத்தையும் உயரத்தையும் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். எச்செவேரியாவுக்குத் தினமும் சில மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். ஹாவோர்த்தியாவை அந்த வெயிலில் வைத்தால் சிவந்து கருகும், அதற்கு ஜன்னலோர வெளிச்சம் போதும். எச்செவேரியா நீண்டதும் வளைந்ததும் வெளிச்சத்தைத் தேடித்தான், அது வளர்ச்சி என்று சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆகவே பிரித்துவிடுங்கள். பழைய மண்ணை உதிர்த்து, கறுத்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்கி, மூன்று நான்கு நாள் நிழலில் காயவிட்டு, காய்ந்த கலவையில் நடுங்கள். நட்டவுடன் தண்ணீர் விடாதீர்கள், ஒரு வாரம் போகட்டும். வேர் இடுக்கில் பஞ்சுபோல வெள்ளையாகத் தெரிந்தால் அது மாவுப்பூச்சி, பழைய மண்ணைத் துளிகூட விடாமல் வேரைக் கழுவுங்கள். இலையிடுக்கில் இருந்தால் 70 சதவீத ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

நீண்ட எச்செவேரியா இனி குட்டையாகாது. ஆனால் அதை வைத்து நாலு செடி செய்யலாம், எனக்கு இதில்தான் அவ்வளவு ஆசை! தலையை, கீழே இரண்டு விரல்கட்டை தண்டு இருக்கும்படி வெட்டுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் பிடிக்க நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும், அதுவரை மண்ணே காட்ட வேண்டாம். பிறகு காய்ந்த கலவைமேல் உட்கார வையுங்கள், சில வாரத்தில் வேர் விடும். மிச்சமிருக்கும் மொட்டைத் தண்டைத் தூக்கி எறியாதீர்கள், அதன் பக்கங்களில் குட்டிகள் முளைக்கும். தண்டிலிருந்து அடிப்பாகம் கிழியாமல் பிடுங்கிய இலைகளை மண்மேல் சும்மா கிடத்துங்கள், புதைக்க வேண்டாம். சிலது காய்ந்துபோகும், சிலதில் இளஞ்சிவப்பாக நூல் நூலாக வேர் வரும், பின்னாலேயே நகக்கண் அளவுக்கு ஒரு குட்டி ரோஜா. எத்தனை முறை பார்த்தாலும் அந்த முதல் நாள் யாரையாவது கூப்பிட்டுக் காட்டத் தோன்றும். புதுச் செடியை ஒரேயடியாக வெயிலுக்குத் தள்ளாதீர்கள், இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். இலைமேல் உள்ள வெண்ணிற மாவைத் தூசி என்று துடைத்துவிடவும் கூடாது. அது வெயிலிலிருந்து இலையைக் காக்கும் மெழுகு, அதே இலையில் மறுபடி படியாது.

கிண்ணம் அழகாக இருக்கிறது, அதை விட மனமில்லை என்றால் விட வேண்டியதில்லை. சிறிய தொட்டிகளில் தனித்தனியாக நட்டு, தொட்டியோடு கிண்ணத்துக்குள் அடுக்கி, இடைவெளியைக் கற்களால் மறைத்துவிடலாம். தண்ணீர் விட வேண்டிய நாளில் வெளியே எடுத்து ஊற்றி, வடிந்தபின் திரும்ப வைக்கலாம். என் வீட்டில் பாதிக் கிண்ணங்கள் இப்படித்தான். இல்லை, சேர்த்துத்தான் நட வேண்டும் என்றால் ஓட்டையுள்ள மண் கிண்ணம் எடுங்கள், ஒரே ருசியுள்ளவற்றைச் சேருங்கள்: வெயிலுக்கு எச்செவேரியா, க்ராப்டோபெடலம், சீடம், ஜன்னலோரத்துக்கு ஹாவோர்த்தியா, கேஸ்டீரியா. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் ஜேடையும் ரணகள்ளி இனமான கலஞ்சோவையும் எட்டாத இடத்தில் வையுங்கள், இரண்டும் அவற்றுக்கு நஞ்சு.

ஜேடைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதற்கு அவசரம் அதிகம். இன்றைக்கே தண்டின் அடியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் பயமில்லை, மண்ணை மாற்றினால் தேறிவிடும். அமுங்கினால் மேலே மேலே வெட்டிக்கொண்டே போங்கள், வெட்டிய இடம் கறையில்லாமல் வெளிர்ப்பச்சையாகத் தெரியும்வரை. ஒரு விரல் நீளம் மிஞ்சினாலும் போதும், காயவிட்டு நட்டால் வேர் வரும். அழுத்திப் பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.