ஜேடிகே-க்குள்ளேயே இருக்கும் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் ஜேடிகே-யோடு (ஜாவாவில் நிரல் எழுதத் தேவையான மென்பொருள் தொகுப்பு) சேர்ந்தே வரும் கமாண்ட்-லைன் கருவிகள் பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய முக்கிய இடங்களைச் சொல்லியிருக்கிறோம். கோடு, புள்ளி, இடைவெளி எல்லாம் அச்சில் உள்ளபடியே.

ஜாவா ஓடுகிறது, ஜாவாசி-யும் ஓடுகிறது. ஆனால் 'ஜேபிஎஸ்' என்று தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டுமா?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

வேண்டாம். ஜேபிஎஸ், ஜேஸ்டாக், ஜேசிஎம்டி, ஜாவாபி எல்லாமே ஜேடிகே-யின் 'பின்' ஃபோல்டரில் ஜாவாசி என்ற கம்பைலருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆரக்கிளின் விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒரு வேலை செய்கிறது: 'ஜாவாபாத்' என்ற சின்ன ஃபோல்டரில் ஜாவா, ஜாவாசி போன்ற நாலைந்தை மட்டும் வைத்து, அதை பாத் பட்டியலின் (கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேடுவது என்ற பட்டியல்) தலையில் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் அவை ஓடுகின்றன, மற்றவை ஓடவில்லை. ஜேடிகே இருக்கும் ஃபோல்டரை ஜாவா_ஹோம் என்ற மாறியில் (எல்லாம் பெரிய எழுத்து) வையுங்கள். அதன் 'பின்' ஃபோல்டரை பாத்தில் ஜாவாபாத்துக்கும் மேலே ஏற்றுங்கள். பழைய கமாண்ட் விண்டோவுக்கு இந்த மாற்றம் தெரியாது, புதிதாக ஒன்று திறக்க வேண்டும்.

லினக்ஸில் இதே தொல்லைக்குக் காரணம் வேறு. பேக்கேஜ் பெயரில் 'ஜேஆர்இ' என்று இருந்தால் அதில் ஓட்டும் பகுதி மட்டும்தான் வரும். 'ஜேடிகே' என்று முடிவதைப் போடுங்கள். திரை இல்லாத சர்வருக்கு 'ஜேடிகே-ஹெட்லெஸ்' போதும், கருவிகள் எல்லாம் அதில் வந்துவிடும்.

என் லேப்டாப்பில் ஓடும் நிரல் அலுவலக சர்வரில் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்' தருகிறது. 65, 61 என்று இரண்டு எண்கள் வருகின்றன. அவை என்ன?
— கோவை வாசகர்

அந்த இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. 44-ஐக் கழித்தால் ஜாவா பதிப்பு வரும். 65 என்றால் 21, 61 என்றால் 17, 52 என்றால் 8. நீங்கள் 21-இல் கம்பைல் செய்ததை, 17 வரைதான் படிக்கத் தெரிந்த சர்வரில் ஓட்டுகிறீர்கள்.

கையில் இருக்கும் ஒரு கிளாஸ் ஃபைல் எந்தப் பதிப்பு என்று பார்க்க 'ஜாவாபி -வி மெயின்.கிளாஸ்' என்று தட்டுங்கள். மேலே சில வரிகளுக்குள் 'மேஜர் வெர்ஷன்' என்று எண்ணோடு வரும்.

சரிசெய்ய 'ஜாவாசி --ரிலீஸ் 17 மெயின்.ஜாவா'. பழைய பாடக்குறிப்புகளில் '-சோர்ஸ்', '-டார்கெட்' என்று இரண்டு ஆப்ஷன்கள் தந்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுங்கள். அவை மொழியின் இலக்கணத்தையும் கிளாஸ் ஃபைலின் எண்ணையும் மட்டும் மாற்றும், நூலகத்தைச் சோதிக்காது. ஸ்ட்ரிங்கில் 'இஸ்பிளாங்க்' என்ற மெத்தட் ஜாவா 11-இல்தான் வந்தது. அதை எழுதி '-சோர்ஸ் 8 -டார்கெட் 8' என்று கொடுத்தால், புதிய ஜேடிகே ஏதோ எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு கம்பைல் செய்துவிடும். ஜாவா 8 சர்வரில் அந்த வரிக்கு வரும்போதுதான் 'நோ சச் மெத்தட் எரர்' விழும். '--ரிலீஸ் 8' கொடுத்திருந்தால் கம்பைல் செய்யும்போதே பிடித்திருக்கும். இது ஜாவா 9 முதல் இருக்கிறது.

நிரலில் 'தமிழ்' என்று எழுதினால் விண்டோஸில் குப்பையாக வருகிறது. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், இவைதான் திரும்பத் திரும்ப. எங்கே தவறு?
— பள்ளிக் கணினி ஆசிரியர், யாழ்ப்பாணம்

அந்தக் குப்பையே தவறு எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. 'த' என்பது 224, 174, 164. விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்துப் பட்டியலில் 224-ஆம் இடத்தில் இருப்பதுதான் அந்தக் கோடு போட்ட ஏ. 174-இல் வட்டத்துக்குள் ஆர். ஆக, ஃபைல் சரியாக யுடிஎஃப்-8-இல்தான் இருக்கிறது. படித்தவர் 1252 என்று நினைத்துப் படித்துவிட்டார்.

படித்தது யார் என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை நிரலிலேயே அச்சிடுங்கள். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 வர வேண்டும். 15 வந்தாலோ, கம்பைல் செய்யும்போதே 'அன்மேப்பபிள் கேரக்டர்' என்று பிழை வந்தாலோ ஜாவாசி-யே தவறாகப் படித்திருக்கிறது. 5 வந்தும் திரையில் குப்பை என்றால் கோளாறு அச்சிடும் பக்கத்தில்.

முதல் வகைக்கு மருந்து 'ஜாவாசி -என்கோடிங் யுடிஎஃப்-8 மெயின்.ஜாவா'. ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 தான் இயல்பு என்பதால் இது தேவைப்படாது. 17 வரை விண்டோஸில் தேவை. பள்ளி லேபில் பத்து மெஷினில் ஒவ்வொன்றிலும் ஒரு பதிப்பு இருக்கும் என்பதால் எப்போதும் கொடுத்துப் பழக்குவதே நல்லது. இரண்டாவது வகைக்கு, முதலில் 'சிஎச்சிபி 65001' என்று தட்டிக் கன்சோலை யுடிஎஃப்-8-க்கு மாற்றுங்கள். பிறகு 17 வரை 'ஜாவா -டிஃபைல்.என்கோடிங்=யுடிஎஃப்-8 மெயின்'; 19 முதல் 'ஃபைல்' என்ற இடத்தில் 'எஸ்டிடிஅவுட்'. இரண்டிலும் கோட்டை ஒட்டி வரும் டி மட்டும் பெரிய எழுத்து, யுடிஎஃப்-உம் அப்படியே. இதற்கு மேலும் கட்டம் கட்டமாக வந்தால் அது கன்சோலின் எழுத்துருக் குறை. வெளியீட்டை '>' போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பி எடிட்டரில் திறந்தால் தமிழ் சரியாக இருப்பது தெரியும்.

குப்பையாகிவிட்ட தமிழைத் திருப்பி மாற்றி மீட்கலாம் என்று மட்டும் நம்பாதீர்கள். புள்ளியின் மூன்றாவது பைட் 141. விண்டோஸ்-1252-இல் அந்த இடம் காலி. ஜாவா அதற்குப் பதிலாக ஒரு கேள்விக்குறிச் சின்னத்தை வைத்துவிடும். 141 போனது போனதுதான். ஏ (143), ஐ (144) ஆகியவற்றுக்கும் இதே கதி. திருப்பி மாற்றினால் மெய்யெழுத்தில் எல்லாம் புள்ளி போயிருக்கும். மூல ஃபைலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

கம்பைல் செய்யும்போது ஃபைலின் முதல் வரியிலேயே 'இல்லீகல் கேரக்டர்' என்று வந்தால், பழைய நோட்பேட் ஃபைலின் தலையில் ஒட்டிய பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறிதான் காரணம். 'பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8' என்று சேமியுங்கள்.

ப்ராப்பர்டீஸ் ஃபைலில் தமிழ் எழுத 'நேட்டிவ்2ஆஸ்கி' பயன்படுத்தி வந்தோம். புதிய ஜேடிகே-யில் காணோமே?
— மென்பொருள் பணியாளர், சென்னை

தமிழ் எழுத்துகளை ஆஸ்கி குறிகளாக மாற்றித் தந்த அந்தக் கருவியை ஜாவா 9-இல் எடுத்துவிட்டார்கள். அதே பதிப்பு முதல் ரிசோர்ஸ் பண்டில் வழியாகப் படிக்கும் ப்ராப்பர்டீஸ் ஃபைல்கள் யுடிஎஃப்-8 ஆகவே படிக்கப்படுகின்றன. தமிழை நேராக எழுதலாம். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ப்ராப்பர்டீஸ் கிளாஸின் 'லோட்' மெத்தடுக்கு இன்புட்ஸ்ட்ரீம் கொடுத்தால் அது இன்றும் ஐஎஸ்ஓ-8859-1 என்றுதான் படிக்கும். யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட ரீடர் ஒன்றைக் கொடுங்கள்.

ஜார் ஃபைல் உருவாக்கி ஓட்டினால் 'நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிபியூட்' என்கிறது. மேனிஃபெஸ்ட் ஃபைலில் மெயின்-கிளாஸ் வரியை எழுதித்தான் இருக்கிறேன்.
— டிப்ளமோ மாணவர், நாகர்கோவில்

அந்த வரிக்குப் பிறகு என்டர் தட்டியிருக்க மாட்டீர்கள். மேனிஃபெஸ்ட்டின் (ஜார் பற்றிய விவரங்கள் உள்ள ஃபைல்) கடைசி வரி புதுவரிக் குறியோடு முடியாவிட்டால் அந்த வரியே எடுத்துக்கொள்ளப்படாமல் போகலாம். கையால் எழுதுவதை விட்டுவிட்டு ஜார் கட்டளையிடமே சொல்லுங்கள்: 'ஜார் --கிரியேட் --ஃபைல் ஆப்.ஜார் --மெயின்-கிளாஸ் மெயின் -சி அவுட் .' கடைசியில் தனியாக நிற்கும் புள்ளி அச்சுப்பிழை இல்லை. பெரிய எழுத்து சி, 'அவுட் ஃபோல்டருக்குள் போ' என்கிறது. புள்ளி, 'அங்கே இருப்பதெல்லாம்' என்கிறது.

பிறகு 'ஜார் டிஎஃப் ஆப்.ஜார்' என்று உள்ளே இருப்பதைப் பாருங்கள். பேக்கேஜ் பெயர் 'காம்' என்று தொடங்கினால் பட்டியலிலும் 'காம்/' என்றே தொடங்க வேண்டும். 'அவுட்/காம்/' என்று இருந்தால் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னொன்று: '-ஜார்' கொடுத்து ஓட்டும்போது '-சிபி' ஆப்ஷனை ஜாவா கண்டுகொள்ளாது. கூடுதல் நூலகங்களை மேனிஃபெஸ்ட்டின் கிளாஸ்-பாத் வரியில்தான் தர வேண்டும்.

சர்வர் அப்ளிகேஷன் திடீரென்று பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறது. லாகில் ஒன்றுமில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, இரண்டு நாளில் மறுபடியும். எதைப் பார்ப்பது?
— ஷார்ஜாவில் பணியாற்றும் வாசகர்

ரீஸ்டார்ட் செய்யும் கையோடு தடயமும் அழிந்துவிடுகிறது. அடுத்த முறை அதற்கு முன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். 'ஜேபிஎஸ் -எல்' ப்ராசஸ் எண்ணைத் தரும். 4312 என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு த்ரெட்டும் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத்தொடர்) அந்தக் கணத்தில் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதி வைக்க: 'ஜேஸ்டாக் -எல் 4312 > டம்ப்1.டிஎக்ஸ்டி'. பத்து விநாடி விட்டு டம்ப்2, இன்னும் பத்து விநாடி விட்டு டம்ப்3. ஒன்று மட்டும் எடுத்தால் அது ஒரு கண நேரப் படம்தான். மூன்றிலும் ஒரே வரியில் நிற்கும் த்ரெட் மாட்டிக்கொண்டதாக இருக்கலாம்.

முதலில் ஃபைலின் கடைசிக்குப் போங்கள். டெட்லாக் இருந்தால் 'ஃபவுண்ட் ஒன் ஜாவா-லெவல் டெட்லாக்' என்று தானே சொல்லி, எந்த இரண்டு த்ரெட் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கிறது என்றும் காட்டும். இல்லையென்றால் 'பிளாக்ட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அதன் கீழே 'வெயிட்டிங் டு லாக்' என்று ஒரு முகவரி இருக்கும். அதே முகவரியை ஃபைலில் தேடினால் வேறொரு த்ரெட்டில் 'லாக்ட்' என்று வரும். பூட்டைப் பிடித்து வைத்திருப்பவர் அவர்தான். அவருடைய ஸ்டாக்கில் (மெத்தட் அழைப்புகளின் பட்டியல்) மேல் வரியைப் படியுங்கள்.

'ரன்னபிள்' என்று இருப்பதால் அது வேலை செய்துகொண்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். சாக்கெட்டில் அடுத்த பக்கத்தின் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும் த்ரெட்டையும் ஜாவா அப்படித்தான் காட்டும். மூன்று டம்பிலும் மேல் வரி சாக்கெட் ரீட் என்றால் டைம்-அவுட் வைக்காமல் வெளி சர்வீஸை அழைத்திருக்கிறீர்கள். டஜன் கணக்கில் த்ரெட்கள் எல்லாம் டேட்டாபேஸ் பூலின் (திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து இரவல் தரும் பகுதி) 'கெட்கனெக்‌ஷன்' வரியில் நின்றால், எங்கோ கனெக்‌ஷனை வாங்கியவர் திருப்பித் தரவில்லை. நீங்கள் சொல்லும் 'இரண்டு நாளில் மறுபடியும்' என்ற குணம் இதோடு நன்றாகவே பொருந்துகிறது. ஒவ்வொன்றாகக் கசிந்து பூல் காலியாக அவ்வளவு நேரம் பிடிக்கும்.

நிற்காமல் சிபியு-வைத் தின்கிறது என்றால் லினக்ஸில் 'டாப் -எச் -பி 4312' (எச் பெரிய எழுத்து) எந்த த்ரெட் என்று காட்டும். அது 6699 என்றால், பதினாறடிமானத்தில் 1ஏ2பி. ஜேஸ்டாக் வெளியீட்டில் 'என்ஐடி' என்ற இடத்தில் அதைத் தேடுங்கள். ஜாவா 21-இல் என்ஐடி பத்தடிமானத்திலேயே வருகிறது, மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 21-இன் விர்ச்சுவல் த்ரெட்கள் ஜேஸ்டாக்கில் தெரியாது. அதற்கு ஜேசிஎம்டி-யின் 'த்ரெட்.டம்ப்_டு_ஃபைல்' (த்ரெட் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்கும்).

ஜேபிஎஸ் தன்னைத் தவிர எதையுமே காட்டாவிட்டால், பெரும்பாலும் சர்வரை ஓட்டும் யூசர் வேறு, நீங்கள் வேறு என்று பொருள். 'சுடோ -யு' போட்டு அதே யூசராக ஓட்டுங்கள். அப்படியும் இல்லையென்றால், சிஸ்டம்டி-யின் பிரைவேட்டெம்ப் அமைப்பு டெம்ப் ஃபோல்டரைப் பிரித்து வைத்திருக்கலாம். ஜேபிஎஸ் பார்க்கும் ஃபைல்கள் அங்கேதான் இருக்கின்றன. கடைசி வழி 'கில் -3 4312'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ப்ராசஸ் சாகாது, த்ரெட் டம்ப் அதன் சொந்த வெளியீட்டில் போய் விழும்.

மெமரி ஏறிக்கொண்டே போகிறது. ஹீப் டம்ப் எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
— மதுரை வாசகி

ஹீப் டம்ப் என்பது நிரலின் ஆப்ஜெக்ட்கள் இருக்கும் மெமரியை (ஹீப்) அப்படியே ஃபைலாக எழுதுவது. அதற்கு முன் 'ஜேசிஎம்டி 4312 ஜிசி.கிளாஸ்_ஹிஸ்டோகிராம்' (ஜிசி பெரிய எழுத்து). எந்த கிளாஸில் எத்தனை ஆப்ஜெக்ட், எத்தனை பைட் என்று பெரியதிலிருந்து வரிசையாக வரும். அரைமணி விட்டு மறுபடி எடுத்து ஒப்பிட்டால் வளர்வது எது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மேலே பைட் வரிசைகளும் ஸ்ட்ரிங்கும் இருப்பது சகஜம். உங்கள் சொந்தப் பேக்கேஜ் பெயரில் வரும் முதல் கிளாஸைக் கவனியுங்கள்.

போதவில்லை என்றால்தான் 'ஜிசி.ஹீப்_டம்ப்'. எடுத்து முடியும்வரை அப்ளிகேஷன் நின்றுவிடும். 8 ஜிபி ஹீப் என்றால் கூட்ட நேரத்தில் தொடாதீர்கள். ஃபைலும் ஹீப்பின் அளவை நெருங்கும் என்பதால் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஃபைலுக்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், வாடிக்கையாளர் விவரம், லாகின் டோக்கன் எல்லாம் அப்படியே எழுத்தாக இருக்கும். மெயிலில் அனுப்ப வேண்டாம். சர்வருக்கு உள்ளேயே திறந்து பார்க்க வழி செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

'பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்' வந்தபோது கீடூல் வைத்துச் சான்றிதழைச் சேர்த்தோம், சரியானது. ஆறு மாதம் கழித்து அதே பிழை.
— சேலம் வாசகர்

எதிர்ப்பக்க சர்வரின் சான்றிதழை ஜாவாவால் நம்ப முடியவில்லை என்பதே அந்தப் பிழை. இடையில் ஜேடிகே-யை அப்டேட் செய்திருப்பீர்கள். 'கீடூல் -இம்போர்ட்சர்ட் -சிஏசர்ட்ஸ்' என்று சேர்ப்பது அந்த ஜேடிகே-யின் ஃபோல்டருக்குள் இருக்கும் 'சிஏசர்ட்ஸ்' என்ற நம்பத்தக்க சான்றிதழ்களின் ஃபைலில் போய்ச் சேர்கிறது. புதிய ஜேடிகே புதிய ஃபைலோடு வரும், உங்கள் சான்றிதழ் அதில் இருக்காது. 'சிஏசர்ட்ஸ்' ஃபைலின் நகல் ஒன்றை ஜேடிகே-க்கு வெளியே வைத்து, சான்றிதழை அதில் சேர்த்து, ஓட்டும்போது 'ஜாவாஎக்ஸ்.நெட்.எஸ்எஸ்எல்.ட்ரஸ்ட்ஸ்டோர்' என்ற ப்ராப்பர்ட்டியில் (ட்ரஸ்ட்ஸ்டோரின் நடு எஸ் பெரிய எழுத்து) அதன் முகவரியைக் கொடுங்கள். நகல் எடுக்காமல் உங்கள் ஒரே சான்றிதழோடு புதிய ஸ்டோர் தொடங்கினால், வெளியுலகின் மற்ற எல்லா ஹெச்டிடிபிஎஸ் தளங்களும் அன்றைக்கே நின்றுவிடும்.